வளராத நாய் கேட்டு வந்தவர்

அறுவைச் சிகிச்சையைப் பற்றி நான் உங்களுக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். உங்களிடம் நல்ல மருந்துகள் இருக்கின்றன, கண்ணும் கையும் இளமையாக இருக்கின்றன. மலைநாட்டுத் தோட்டப் பகுதிகளுக்கு மிருக வைத்தியர்களாகப் போகிறவர்களிடம் உங்கள் அனுபவத்தில் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தால், நான் காப்பாற்றிய மாடுகள்கூட நினைவுக்கு வரவில்லை. என் வேலையின் கடைசி வருடங்களில் வந்த ஒரு நாய்க்குட்டிதான் முன்னால் வந்து நிற்கிறது. அதையும் அதைக் கொண்டுவந்த மனிதரையும் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது டயகம போகிற பாதையில் இருந்த சின்ன அலுவலகத்தில் நான் இருந்தேன். ஊரார் அதை மாட்டாஸ்பத்திரி என்பார்கள். அதற்குப் பின்னாலேயே எனக்குத் தங்குமிடம். பகல் முழுக்க ஆட்கள் வருவார்கள், பால் குறைந்த மாடு, வயிறு ஊதிய ஆடு என்று பேச்சு ஓயாது. கதவைப் பூட்டினால் மறுநாள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். இந்த வேலையில் இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஒரு நாள் காலை, மூடுபனி இன்னும் கலையாத நேரத்தில், வேலாயுதம் என்பவர் வந்தார். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறியை ஓட்டி ஓய்வு பெற்றவர், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறைக் காம்பராவில் இருந்தார். அவர் போட்டிருந்த மழைக்கோட்டுக்குள் இருந்து ஒரு குட்டியின் முகம் எட்டிப் பார்த்தது. அல்சேஷன் பெட்டை. தோட்டத்தை நடத்திய தொரை மாற்றலாகிப் போகும்போது பங்களா நாய் போட்ட குட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்திருக்கிறார். கடைசியாக மிஞ்சியது இவருக்கு.

"இதுக்குக் குட்டி போடாம இருக்க ஆப்பரேசன் செஞ்சிருங்க டாக்டரம்மா. இப்பவே."

"என்னங்க அவசரம்? தாய்கிட்ட இருந்து இப்பத்தானே பிரிஞ்சு வந்திருக்கு."

"சின்னதுலயே செஞ்சா வளராதுல்ல? லயத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. குட்டியில இதுதான் சின்னது. பேரே சிட்டுன்னு வச்சிருக்கேன்."

நான் குட்டியின் முன்காலைத் தூக்கிப் பார்த்தேன். சிட்டு என்று பெயர் வைத்தவர் அந்தப் பாதத்தைப் பார்த்திருக்கவே இல்லை போலிருந்தது. என் உள்ளங்கையில் பாதியை அடைத்துக்கொண்டு இருந்தது.

ஏன் வளரக் கூடாது என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் கலைவாணி கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கு வேலை பார்க்கிறாள், மாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறாள். அப்பா தன்னோடு வந்து இருக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். குட்டி கைக்கு வந்தபின் இதோடு என்றால் வருகிறேன் என்று இவர் இறங்கி வந்திருக்கிறார். வீட்டுச் சொந்தக்காரர், சின்ன நாய் என்றால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.

"பெட்டி கூடக் கட்டிட்டேன்" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். ஒருவர் ஒரு விலங்கைக் கொண்டுவந்து ஒரு கேள்வி கேட்கிறார். புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலின் மேல் அவர் ஒரு வாழ்க்கையையே தூக்கி வைத்திருக்கிறார்.

நான் பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு மூத்த வைத்தியர் இருந்தார். சிங்களவர், அதிகம் பேசாதவர். சொல்லச் சங்கடமான பதில் ஏதாவது இருந்தால் முதலில் போய்க் கையைக் கழுவு என்பார். கழுவி முடிப்பதற்குள் உனக்குத் தைரியம் வரும், வராவிட்டால் இன்னொரு தரம் கழுவு. அன்று நான் இரண்டு தரம் கழுவினேன்.

"வளராம இருக்காதுங்க" என்றேன். "கொஞ்சம் கூடுதலாத்தான் வளரும்."

அவருக்குப் புரியவில்லை. எலும்பின் முனைக்குக் கிட்ட மெத்தென்று ஓர் இடம் இருக்கிறது, குட்டி உயர்வது அங்கேதான் என்று சொன்னேன். பருவத்துக்கு வரும்போது உடம்பில் ஊறுகிற ஹோர்மோன் வந்து அந்த இடத்தை இறுக்கி மூடும். அது ஊறுகிற உறுப்பை முன்பே எடுத்துவிட்டால் மூடுவதற்கு நாள் பிடிக்கும். அதுவரை கால் எலும்பு நீண்டுகொண்டு இருக்கும்.

"பிரேக்கக் கழட்டி விடுற மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். ரொம்ப உயரமாயிராது. ஆனா பெரிய ஜாதி நாய் பாருங்க, எலும்பு கணக்கு தப்பி நீண்டா மூட்டு தாங்காது. பின்னால நொண்டும். சிலதுக்கு மூத்திரம் கட்டுப்படாம ஒழுகும். இது ஒரு வயசு தாண்டட்டும், முதல் தரம் பருவத்துக்கு வந்து போகட்டும். பொறகு செய்வோம்."

"அப்ப சின்னதாக்க வழியே இல்லீங்களா?"

"இல்லங்க."

அவர் எழுந்து மழைக்கோட்டை விரித்து, குட்டியை உள்ளே வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார். வாசலில் இறங்கிப் போய்விட்டார்.

ஒன்றை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீங்கள் தோட்டத்தில் முகாம் போட்டு லயத்து நாய்களுக்குக் கருத்தடை செய்யும்போது, அந்த அம்மா சின்னதில் செய்யக் கூடாது என்றாரே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். லயத்து நாய் சிறிய உடம்பு. அது விரற்கடை கூடுதலாக உயர்ந்தாலும் உயராவிட்டாலும் அதன் மூட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. காலத்தில் செய்யாவிட்டால் தேயிலைச் செடிக்கு அடியில் கண் திறக்காத குட்டிகள் மழையில் நனைந்து கிடக்கும். அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எந்த நாய், யாருடைய நாய், எங்கே வளரப்போகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே வயது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அன்று பின்னேரமே தொலைபேசி வந்தது.

"டாக்டர், நான் வேலாயுதத்தோட மக பேசுறேன். அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"உள்ளதத்தான் சொன்னேம்மா."

"அவரு வரமாட்டேன்னுட்டாரு. பெட்டியப் பிரிச்சிட்டாராம்." அவள் குரல் உடைந்தது. "டாக்டர், போன மாசம் பீலியில தண்ணி பிடிக்கப் போய் விழுந்திருக்காரு. எனக்கு ஒரு கிழமை கழிச்சுத்தான் தெரியும். பக்கத்துக் காம்பராவுல ஆளில்ல, அவங்க எல்லாரும் கொழும்புக்கு வேலைக்கு வந்துட்டாங்க. அங்க விழுந்து கெடந்தா யாரு பாக்கிறது?"

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க ஒண்ணே ஒண்ணு செய்ங்க. ஆப்பரேசன செஞ்சிருங்க. யோசிச்சுப் பாத்தேன், இது சின்னதாத்தான் இருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. நாய் வளர்றதுக்குள்ள அவரு இங்க பழகிருவாரு. பொறகு அத யாருக்காவது குடுத்துறலாம்."

அவள் கெட்ட பெண் இல்லை. உங்களில் பலருக்கும் வயதான அப்பா எங்கோ ஒரு மலையில் தனியாக இருப்பார். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒரு குட்டியின் மூட்டுவலியையும் ஒரு மனிதரின் உயிரையும் தராசில் வைத்தால் எது கனம் என்று எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்து சரி என்று சொல்லவும் போனேன். ஆனால் அந்த நாய் வளரும். அது வளர்ந்து நிற்கிற நாளில் வேலாயுதம் இங்கே காம்பராவை விட்டுப் போயிருப்பார், அங்கே நாயையும் விட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு அவர் யார் பேச்சை நம்புவார்?

"அப்படி என்னால சொல்ல முடியாதும்மா."

"உங்களுக்கு நாய்தான் பெருசு" என்று வைத்துவிட்டாள்.

மறு மாதம் வேலாயுதம் வந்தார். குட்டிக்குத் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. "அது பாட்டுக்கு வளரட்டும்னு விட்டுட்டேன்" என்றார். ஆடு நிறுக்கிற தராசில் சிட்டுவை நிறுத்துப் பார்த்தோம். அதன் பிறகு மாதந்தோறும் வர ஆரம்பித்தார். பெரிய ஜாதிக் குட்டிக்கு எடை மளமளவென்று ஏறினாலும் மூட்டுக்குக் கெடுதல் என்று நான் சொல்லியிருந்தேன். உண்மையில் மாதந்தோறும் வரத் தேவையில்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வந்தால் அலுவலக வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து, பால் சேர்க்காத சாயத்தண்ணி குடிப்பார். மழை வருமா, தோட்டத்தில் எந்த மலையில் வேலை நடக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. அவர் மனைவி பேரைச் சொன்னதில்லை. நானும் என்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. சிட்டு முதலில் வாங்குக்கு அடியில் படுத்தது. பிறகு அடியில் கொள்ளாமல் பக்கத்தில் படுத்தது. பிறகு எழுந்து நின்றால் அதன் தலை அவர் இடுப்பைத் தொட்டது. குட்டிகளில் சின்னது என்பதெல்லாம் தாய்ப்பாலுக்கு அடித்துக்கொண்ட நாட்களின் கதை. நன்றாகச் சாப்பாடு கிடைத்ததும் சிட்டு தன் இனத்தின் அளவுக்கு வந்துவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் சிட்டு பருவத்துக்கு வந்தது. முன்பே எச்சரித்திருந்தேன். ஒரு நாள் அவரே போன் செய்தார்.

"டாக்டரம்மா, தோட்டத்து நாயெல்லாம் எங்க வாசல்லதான் இருக்கு. லயத்துல சத்தம் போடுறாங்க. வித்துருன்னு சொல்றாங்க."

"கதவத் திறக்காதீங்க. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்குங்க. வெளிய போறதுன்னா சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு நீங்களும் கூடப் போங்க."

"நாங்க ரெண்டு பேரும் உள்ளேயே இருக்கோம்" என்றார்.

அதற்குப் பிறகு மழை பிடித்தது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் தெரிந்துகொள்வீர்கள், அது மழை மாதிரி இருக்காது, மலையே கரைகிற மாதிரி இருக்கும். மின்சாரம் போனது. பாதையில் மண் சரிந்தது. அப்போதுதான் கலைவாணி கூப்பிட்டாள். கோபித்துக்கொண்டு வைத்த பிறகு அவள் என்னோடு பேசியதே இல்லை.

"அப்பா போன் எடுக்கல டாக்டர். முந்தாநாள்ல இருந்து எடுக்கல. தோட்டத்து ஆபீஸ்லயும் யாரும் எடுக்கல. வேற யாரோட நம்பரும் என்கிட்ட இல்ல."

"நான் போய்ப் பாக்கிறேன்."

ஓட்டோக்காரர் மண் சரிந்த இடம் வரை கொண்டுபோய் விட்டார். அதற்கு மேல் நடந்தேன். சேற்றில் கால் புதைகிறது, குடை காற்றில் திரும்புகிறது. அந்த நடையில் எனக்குள் ஓடியதைச் சொல்லத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். அவர் உள்ளே விழுந்து கிடந்தால்? அன்று ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் இந்நேரம் அவர் கொழும்பில் மகள் கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். நாய் நொண்டியிருக்கும், அவ்வளவுதானே? உண்மையைச் சொன்னால் மனசு லேசாக இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. நான் சொன்னது சரி என்று அப்போதும் தெரியும். ஆனாலும் அது சரி என்பது அந்தப் பாதையில் எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

லயத்துக்கு வந்தபோது கோடியில் இருந்த அவர் காம்பராவின் கதவு சாத்தியிருந்தது. முன்திண்ணையான இஸ்தோப்பில் ஏழெட்டு நாய்கள், மழைச்சாரலில் நனைந்தபடி, கதவையே பார்த்து உட்கார்ந்திருந்தன. கூப்பிட்டேன். உள்ளே இருந்து சிட்டு குரைத்தது. மனிதக் குரல் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். நாய் மட்டும்தான் பதில் சொன்னது. கதவை இரண்டு கையாலும் தட்டினேன்.

பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது.

"சீக்கிரம் உள்ள வாங்க! அதுக உள்ள வந்துரும், கதவச் சாத்துங்க!"

தாடி வளர்ந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு, நல்ல சுகத்தோடு நின்றார். தூங்கியிருக்கிறார். தகரக் கூரையில் மழை விழுகிற சத்தத்தில் என் குரல் கேட்கவில்லை.

"போன் என்னாச்சு?" என்றேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"கரண்டு இல்லீங்களே. செத்துப்போச்சு." அவர் என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. அடுப்பை மூட்டித் தண்ணீர் வைத்தார்.

என் போனில் மகளைக் கூப்பிட்டோம். அவள் ஏற்கனவே பஸ் ஏறியிருந்தாள். பின்னேரம் காலில் இருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பு வரை சேறாக வந்து சேர்ந்தாள். அப்பாவைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். சிட்டு போய் அவள் தோளை முகர்ந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவா சிட்டு?"

"இதுதான்" என்றார் வேலாயுதம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா டாக்டர். அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பயம் எனக்கு வந்திருக்குமா?"

"என்ன வார்த்தை?" என்று வேலாயுதம் கேட்டார்.

அது நான் சொல்ல வேண்டியது அல்ல. அவளே சொன்னாள்.

"நாய் வளராதுன்னு சொல்லச் சொன்னேம்ப்பா. உங்கள எப்படியாவது கூட்டிட்டுப் போகணும்னு."

வேலாயுதம் சிட்டுவின் காதை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். அதில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா, என்னைக் குறை சொன்னாரா, மகளைச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. சில தீர்மானங்களுக்குத் தீர்ப்பு வராது. வரும் என்று எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள்.

கலைவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாயை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது எவ்வளவு சாப்பிடும்?" என்று கேட்டாள்.

அவள் கொழும்புக்குப் போய் வேறு வீடு தேட ஆரம்பித்தாள். சுலபத்தில் கிடைக்கவில்லை. தமிழ்ப் பெயரைக் கேட்டுத் தயங்கியவர்கள் சிலர், நாயைக் கேட்டுத் தயங்கியவர்கள் பலர் என்று வேலாயுதம் சொன்னார். கடைசியில் நகரத்துக்கு வெளியே, சுற்றிக் கொஞ்சம் நிலம் உள்ள ஒரு பழைய வீடு கிடைத்தது. வேலைக்குப் போக அவள் இரண்டு பஸ் மாற வேண்டும். பரவாயில்லை என்றாளாம். இதற்குள் சிட்டு ஒரு வயதைத் தாண்டி, கருத்தடைக்குக் காலம் சரியாக வந்திருந்தது. அறுவைச் சிகிச்சையை நானே செய்தேன். நேரான கால்கள், நல்ல அகன்ற மார்பு. மேசையில் படுத்துக் கிடந்தபோது அதன் வால் மேசைக்கு வெளியே தொங்கியது. தையல் பிரிக்க வந்த அன்று வேலாயுதம் வழக்கம்போல வாங்கில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்தார்.

போகிற நாளில் சாமான் ஏற்றிய சின்ன லொறியை அலுவலக வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தார். தோட்டத்து லொறியை அத்தனை வருடம் ஓட்டியவர், அன்று ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் சங்கோஜத்தோடு இருந்து வந்திருந்தார். கலைவாணி பின்னால் நாயைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எனக்குக் கையசைத்தாள்.

கொழும்பில் நல்ல மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள், எடையை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். கருத்தடை செய்த நாய் சீக்கிரம் கொழுக்கும், சோற்றைக் குறையுங்கள் என்றேன். இதையெல்லாம் முன்பே பலமுறை சொல்லியிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு வாங்கைப் பார்த்தார், பின்னால் இருந்த என் தங்குமிடத்தின் சாத்திய சன்னலைப் பார்த்தார்.

"நாங்க போயிட்டா, உங்களுக்கு இங்க யாரு இருக்காங்க டாக்டரம்மா?"

இத்தனை மாதத்தில் அவர் என்னைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அது. கை கழுவப் போக நேரமில்லை.

"எனக்கென்னங்க, நெறையப் பேரு இருக்காங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. சந்தோஷமாகப் போய் லொறியில் ஏறினார். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். ஏன் நம்ப மாட்டார்? அதுவரை நான் அவரிடம் பொய் சொன்னதே இல்லை.